பேசிக்: முதல் பிழைக்குப் பிறகு எவ்வளவு நேரம்?

பேசிக் என்ற நிரல்மொழியைப் பின்னாளில் உருவாக்கிய இருவரில் ஒருவரான தாமஸ் கர்ட்ஸ் பயணம் கிளம்பும்போது கையில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். உள்ளே துணிமணி கிடையாது, அடுக்கடுக்காகத் துளையிட்ட அட்டைகள். அவர் எழுதிய நிரல் அந்தத் துளைகளில்தான் இருக்கும். 1950-களின் பிற்பாதி அது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹானோவர் என்னும் சிற்றூரில், டார்ட்மவுத் கல்லூரியில் அவர் கணித ஆசிரியர். கல்லூரியில் கணினி இல்லை. அந்த வட்டாரக் கல்லூரிகள் பொதுவில் பயன்படுத்திக்கொள்ள பாஸ்டன் பக்கத்துத் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் ஐ.பி.எம். 704 என்ற கணினி ஒன்று இருந்தது. கர்ட்ஸ் ஆற்றைத் தாண்டி ஒயிட் ரிவர் ஜங்ஷனுக்கு வந்து காலை ரயிலைப் பிடிப்பார். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போய், பாஸ்டனில் இறங்கி, எம்.ஐ.டி.யில் அட்டைக்கட்டை ஒப்படைப்பார். முடிவு அச்சான தாளை வாங்கிக்கொண்டு சாயங்கால ரயிலில் திரும்புவார். இரண்டு வாரத்துக்கு ஒரு நடை. அட்டையில் ஒரு துளை இடம் மாறியிருந்தால் அதைத் திருத்தி ஓட்ட இன்னும் இரண்டு வாரம் ஆகும்.

ஒரு புள்ளியியல் கணக்கை 704-இன் அசெம்பிளி மொழியில், அதாவது இயந்திரத்தின் கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லும் மொழியில் எழுதி, இப்படியே மாதக்கணக்கில் போய்ப் போய் வந்தார். கணினி நேரம் மொத்தம் ஒரு மணியளவு செலவானது, விடை வரவில்லை. கணிதச் சூத்திரம் போலவே எழுதவிடும் ஃபோர்ட்ரான் மொழி அப்போது புதிது. அது கணினியின் நேரத்தை வீணடிக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே கணக்கை அவர் ஃபோர்ட்ரானில் எழுதினார். ஐந்து நிமிடக் கணினி நேரத்தில் முடிந்தது. இயந்திரத்தின் நேரத்தைச் சிக்கனம் பிடிக்கப் போய் மனிதனின் நேரத்தையும் இயந்திரத்தின் நேரத்தையும் சேர்த்தே தொலைத்திருந்தார்.

பேசிக் மொழியின் பிறப்பை ஒரு நிகழ்வாக எடுத்து ஆராயும்போது நான் இந்த ரயிலிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. 'எளிய மொழி', 'தொடக்கநிலையினருக்கான மொழி' என்று பேசும்போதெல்லாம் நாம் மொழியின் சொற்களையும் இலக்கணத்தையும்தான் பார்க்கிறோம். முதல் நிரலை எழுதுகிறவர் கட்டாயம் தப்பு செய்வார். தப்பு செய்ததும் அது தப்பென்று எவ்வளவு நேரத்தில் தெரிகிறது, திருத்தி மறுபடி ஓட்ட எவ்வளவு நேரமாகிறது? என் கணக்கில் பேசிக்கின் வெற்றியில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விக்கான விடையில் இருக்கிறது. அந்த விடை கெட்டுப்போன இடங்களில் பேசிக்கும் ஒன்றும் செய்யவில்லை. அதற்கு நானே சாட்சி. பின்னால் வருகிறேன்.

ஹானோவரில் நடந்தது

கர்ட்ஸின் கூட்டாளி ஜான் கெமெனி. 1926-இல் புடாபெஸ்டில் பிறந்து, 1940-இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர். படிப்பின் நடுவே, அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே கணக்கீட்டுப் பிரிவில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மனின் கீழ் வேலை பார்த்தார். பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளர். அட்டை இயந்திரங்களை வைத்துக்கொண்டு லாஸ் அலமோஸில் இரவு பகலாகப் போட்ட கணக்குகளை, பிற்பாடு ஓர் இளநிலை மாணவன் ஒரு பிற்பகலில் முடித்துவிட முடிந்ததை அவர் வியந்து எழுதியிருக்கிறார். அந்த மாணவனைக் கணினி முன்னால் உட்கார வைத்தவர்களில் ஒருவர் அவர்தான் என்பதால் அந்த வியப்பில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும்.

1959-இல் டார்ட்மவுத்துக்கு எல்.ஜி.பி.-30 என்ற சிறிய கணினி வந்தது. மாணவர்களிடம் விட்டார்கள். அவர்கள் அதில் அல்கால் என்ற நிரல்மொழியை இயந்திர மொழிக்கு மாற்றும் ஒரு மொழிமாற்றியே எழுதிக் காட்டினார்கள். 1962-இல் கெமெனியும் சிட்னி மார்ஷல் என்ற மாணவரும் சேர்ந்து 'டோப்' என்று ஒரு குட்டி மொழியைச் செய்து பார்த்தார்கள். ஒரு வரிக்கு ஒரே ஒரு கணக்குச் செயல் என்கிற அளவுக்குச் சுருக்கம். அது நிலைக்கவில்லை. ஆனால் முதலாண்டு மாணவர்களுக்குக் கணினியைச் சொல்லித்தர முடியும் என்ற தைரியத்தை அந்த மூன்றாண்டுகள் கொடுத்தன.

இருவருக்கும் ஒரு குறி இருந்தது. டார்ட்மவுத்தில் அறிவியலும் பொறியியலும் படித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நாளைக்கு அலுவலகங்களிலும் அரசிலும் முடிவெடுக்கப் போகிறவர்கள் மீதி முக்கால்வாசியில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கணினி தெரியாமல் போகக்கூடாது என்பது வாதம். வரலாறு படிக்கிற பையனை அட்டைக்கட்டோடு வரிசையில் நிறுத்தினால் நிற்க மாட்டான். செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடி ஜான் மெக்கார்த்தி அதற்கு ஒரு வழி சொல்லியிருந்தார்: ஒரே கணினியின் நேரத்தைப் பலருக்குப் பகிர்ந்து கொடுங்கள். ஒருவர் தட்டச்சு செய்துகொண்டு, தலையைச் சொறிந்துகொண்டு இருக்கும்போது கணினி இன்னொருவரின் வேலையைக் கவனிக்கட்டும்.

தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டு எழுதினார்கள். இயக்க மென்பொருளை இளநிலை மாணவர்களை வைத்தே எழுதப் போகிறோம் என்றதும் விண்ணப்பத்தைப் படித்தவர்கள் தயங்கினார்கள். கடைசியில் நிதி கிடைத்தது. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜி.இ.-225 கணினியும், தட்டச்சு செய்து காகிதத்தில் பதில் வாங்கும் டெலிடைப் பொறிகளோடு பேசுவதற்கென்றே டேட்டாநெட்-30 என்ற இன்னொரு பொறியும் 1964 தொடக்கத்தில் வந்திறங்கின. நேரப்பகிர்வு மென்பொருளை எழுதிய மாணவர்களில் முக்கியமானவர்கள் மைக்கேல் புஷ், ஜான் மெக்கீச்சி. பேசிக் என்ற புது மொழிக்கான மொழிமாற்றியைக் கெமெனி முந்தைய ஆண்டிலேயே தொடங்கியிருந்தார்.

1964 மே 1, அதிகாலை 4 மணி. காலேஜ் ஹால் கட்டடத்தின் அடித்தளம். கெமெனியும் ஒரு மாணவரும் பக்கத்துப் பக்கத்து டெலிடைப்களில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் 'ரன்' என்று அடித்தார்கள். இருவருக்கும் சரியான விடை வந்தது. ஒரு நிரல் ஓடியதை யாரும் சரித்திரத்தில் எழுத மாட்டார்கள். ஒரே கணினியில் இரண்டு பேர், ஒருவருக்காக இன்னொருவர் காத்திராமல் ஓட்டியதுதான் அந்த இரவின் செய்தி. 2019-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் இதற்காக நெடுஞ்சாலையோரம் ஒரு நினைவுப் பலகை வைத்தது. போர் நடந்த இடம், பெரியவர் பிறந்த வீடு என்று பலகை வைத்துப் பழகிய சாலையில் ஒரு நிரல்மொழிக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

'ஹலோ' என்றால் உள்ளே விடும்

அதே ஆண்டு அக்டோபரில் கையேடு வெளியானது. இன்றைக்கு எந்த மொழியின் பாடத்தைத் திறந்தாலும் முதல் நிரல் 'ஹலோ வேர்ல்டு' என்று அச்சிடும். அந்தப் பழக்கம் 1970-களில் பெல் ஆய்வகத்தின் பி, சி மொழிப் பாடங்களிலிருந்து பரவியது. பேசிக் கையேட்டின் முதல் நிரல் வணக்கமெல்லாம் சொல்லாமல் நேராக இரண்டு சமன்பாடுகளைத் தீர்க்க உட்காரும். ஆங்கில எழுத்தில் இருப்பதை ஒலிக்கு ஒலி தமிழெழுத்தில் தருகிறேன்:

10 ரீட் ஏ1, ஏ2, ஏ3, ஏ4
15 லெட் டி = ஏ1 * ஏ4 - ஏ3 * ஏ2
20 இஃப் டி = 0 தென் 65
30 ரீட் பி1, பி2
37 லெட் எக்ஸ்1 = (பி1 * ஏ4 - பி2 * ஏ2) / டி
42 லெட் எக்ஸ்2 = (ஏ1 * பி2 - ஏ3 * பி1) / டி
55 பிரிண்ட் எக்ஸ்1, எக்ஸ்2
60 கோ டு 30
65 பிரிண்ட் "நோ யூனிக் சொல்யூஷன்"
70 டேட்டா 1, 2, 4
80 டேட்டா 2, -7, 5
85 டேட்டா 1, 3, 4, -7
90 எண்ட்

பத்தாம் வகுப்புக் கணக்குதான். கெழுக்கள் 1, 2, 4, 2. வலப்பக்கம் -7, 5 என்று வைத்தால் விடை 4, -5.5. பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். அடுத்த இரண்டு ஜோடிகளுக்கும் விடை சொல்லிவிட்டு, தரவு தீர்ந்ததும் நிரல் நின்றுவிடும்.

வரி எண்களைக் கவனியுங்கள். 37, 42, 55. பாடப்புத்தகம் என்றால் 10, 20, 30 என்று அழகாக அடுக்கியிருக்கும். இங்கே எந்த எண்ணும் ஆகலாம், இறங்காமல் ஏறினால் போதும் என்பதை விளக்கவுரை இல்லாமலே காட்டிவிடுகிறது. டேட்டா வரிகளும் மூன்று, மூன்று, நான்கு என்று கோணல்மாணலாக உடைந்திருக்கின்றன. தரவை எப்படி உடைத்தாலும் கணினி வரிசையாக ஒட்டிக்கொள்ளும் என்பது அதன் சேதி.

இந்த வரி எண்ணைப் பிற்காலத்தில் எல்லோரும் கேலி செய்தார்கள். வேறு வரிக்குத் தாவச் சொல்லும் 'கோ டு' கட்டளையோடு சேர்ந்து நிரலை இடியாப்பமாக்கிவிடும் என்பது நியாயமான குறைதான். ஆனால் 1964-இல் வரி எண் செய்த முதல் வேலை வேறு. டெலிடைப்பில் திரை கிடையாது. விநாடிக்குப் பத்து எழுத்து வீதம் காகிதச் சுருளில் தடதடவென்று அடித்துக்கொண்டே போகும். மேலே ஏறிப் போய் ஒரு வரியைத் திருத்த வழியில்லை. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, அதே எண்ணோடு வரியை மறுபடி அடிப்பது. புதியது பழையதன் இடத்தில் உட்காரும். எண்ணை மட்டும் அடித்து வரியை வெறுமையாக விட்டால் அந்த வரி நீங்கும். 37-க்கும் 42-க்கும் நடுவே ஒன்று சேர்க்க வேண்டுமா, 40 என்று போட்டு அடித்தால் தானாகப் போய் நடுவில் நிற்கும். திருத்துவதற்கென்று தனி மென்பொருளைக் கற்கத் தேவையே இல்லை.

உள்ளே நுழைய 'ஹலோ' என்று அடிக்க வேண்டும். பயனர் எண்ணைக் கேட்கும். புதியதா பழையதா என்று கேட்கும். நிரலுக்குப் பெயர் கேட்கும். பிறகு 'ரெடி'. கிளம்பும்போது 'பை'. ஓட்ட 'ரன்', பார்க்க 'லிஸ்ட்', வைத்துக்கொள்ள 'சேவ்'. ஹானோவர் பையனுக்கு இவை வீட்டில் புழங்கும் சொற்கள், புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. நம் பக்கத்தில் தமிழ்வழியில் படித்தவனுக்கு 'லெட்' என்பது ஒரு சித்திரம்தான், அர்த்தத்தோடு கூடிய சொல் அல்ல. 'லெட் ஏ = 5' என்பதில் லெட் ஏன் வருகிறது என்று கேட்டதற்கு, "அது அப்படித்தான், போட்டுக்கோ" என்று எனக்குப் பதில் கிடைத்தது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் இதே அச்சிடும் கட்டளை 'பதிப்பி' என்றிருக்கும். அதில் ஒரு வரி அடித்துப் பார்த்தபோதுதான், டார்ட்மவுத் பையனுக்கு 1964-இல் எவ்வளவு சுளுவாக இருந்திருக்கும் என்பது எனக்கு உறைத்தது.

மொழிக்குள் அவர்கள் விட்டுவைத்ததைவிட வெட்டி எறிந்தது அதிகம். ஃபோர்ட்ரானில் முழு எண்ணுக்கும் பின்ன எண்ணுக்கும் வேறு வேறு நடத்தை. எண்ணை வைத்துக்கொள்ளும் பெயரான மாறி, ஐ முதல் என் வரையிலான எழுத்தில் தொடங்கினால் முழு எண், மற்றதெல்லாம் பின்னம் என்று ஒரு விதி. விடையை அச்சிட எத்தனை இடம், புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்று தனியாக ஒரு வரைவு எழுத வேண்டும். பேசிக்கில் எண் என்றால் எண். 'பிரிண்ட்' என்றால் அதுவே பார்த்து அச்சிட்டுக்கொள்ளும். மாறிக்குப் பெயர் ஓர் எழுத்து, அல்லது ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும். மொத்தம் 286 பெயர்கள். பெரிய நிரலுக்குப் போதாது, முதல் நிரலுக்கு ஏராளம். ஓடும்போது பயனரிடம் கேட்டு வாங்கும் 'இன்புட்' கட்டளைகூட முதலில் இல்லை, சில ஆண்டு கழித்தே வந்தது.

கையேடே செய்யும் தப்பு

எனக்கு அந்தக் கையேட்டில் மிகவும் பிடித்த பகுதி பிழைகளைப் பற்றியது. 0 முதல் 3 வரை சைன் மதிப்பு எங்கே உச்சத்தைத் தொடுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு நிரல். முதலில் 0.1 படியில், பிறகு 0.01, பிறகு 0.001. நிரலைப் பிழையோடுதான் அச்சிட்டிருக்கிறார்கள், வேண்டுமென்றே.

ஒரு வரியில் 'லெட்' என்று இருக்க வேண்டிய இடத்தில் எல், டபிள்யூ, ஆர் என்று இருக்கிறது. தட்டச்சுப் பலகையைப் பாருங்கள். ஈ-க்கு இடப்பக்கம் டபிள்யூ, லெட்டின் கடைசி எழுத்தான டி-க்கு இடப்பக்கம் ஆர். விரல் ஒரு கட்டை இடப்பக்கம் நழுவியிருக்கிறது. எழுதியவர் உண்மையில் யாரோ தடுமாறி அடித்ததைப் பார்த்திருக்கிறார். இன்னொரு வரியில் 'சின்' என்று மூன்றெழுத்தில் சுருக்கி அடிக்க வேண்டியதை முழுதாக 'சைன்' என்று எழுதிவிடுகிறார்கள். கணக்கு நோட்டில் அப்படி எழுதிப் பழகிய கை. அடுத்த சுற்றுக்குப் போகச் சொல்லும் 'நெக்ஸ்ட்' பக்கத்தில் வேறு மாறியின் பெயர்.

'ரன்' அடித்ததும் கணினி தவறான கட்டளை, தவறான சூத்திரம் என்று பெயரிட்டு, எந்த வரி எண்ணில் என்று சேர்த்துச் சொல்கிறது. அவற்றை ஒவ்வொன்றாக மறுபடி அடித்துத் திருத்துகிறார்கள். அதற்குப் பிறகும் ஒரு தப்பு பாக்கி இருக்கிறது. இதுவரை கண்ட பெரிய சைன் மதிப்பை எம் என்ற மாறியில் வைக்க வேண்டும், ஆனால் நிரல் 0 முதல் 3 வரை நகரும் எக்ஸையே தூக்கி எம்மில் வைக்கிறது. இலக்கணப்படி இதில் குற்றமில்லை, கணினி வாயே திறக்காது. அந்தத் தப்பை அப்படியே வைத்துக்கொண்டு 0.1 படிக்கு நான் போட்டுப் பார்த்தேன். உச்சம் 1-இல் இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறது. உண்மையில் அது 1.57-க்கு அருகே. திருத்திய நிரல் 0.1 படியில் 1.6 என்று தருகிறது, சைன் மதிப்பு 0.999574.

ஒரு மொழியின் முதல் கையேடு, 'எங்கள் மொழி இவ்வளவு சுலபம்' என்று காட்டுவதற்குப் பதில் 'இப்படியெல்லாம் தப்பு வரும், இப்படித் திருத்து' என்று ஒரு முழு அமர்வைப் போட்டுக் காட்டியது சாதாரணமில்லை. நேரப்பகிர்வு இல்லாமல் இந்தப் பக்கத்தை எழுதவே முடியாது. கர்ட்ஸின் ரயில் கணக்குப்படி, ஓட்டிப் பிழை கண்டு திருத்தி மறுபடி ஓட்டும் அந்த ஒரே அமர்வு ஒரு கல்விப் பருவத்தைத் தின்றிருக்கும்.

இவ்வளவு சீக்கிரம் பதில் வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எழுத்துகளை வாங்குவது, வரிகளை அடுக்குவது எல்லாம் டேட்டாநெட்-30-இன் பாடு. மாணவர் 'ரன்' அடித்தால்தான் பெரிய கணினிக்கு வேலை. மொழிமாற்றி நிரல் முழுவதையும் ஒரே மூச்சில் இயந்திர மொழிக்கு மாற்றி உடனே ஓட்டிவிடும். மாற்றியதைச் சேமித்து வைக்காது, அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து மாற்றும். மாணவர் நிரல்கள் பெரும்பாலும் சிறியவை, கண் சிமிட்டும் நேர வேலை. நீளமான வேலை வந்தால் கொஞ்ச நேரம் ஓட்டி, வட்டில் ஓரமாக வைத்துவிட்டு, அடுத்தவருடையதை எடுக்கும். ஒவ்வொருவருக்கும் கணினி தனக்கே சொந்தம் போலத் தோன்றும்.

முதலாண்டுக் கணித வகுப்பில் இரண்டே விரிவுரைகள். பிறகு மாணவர்களே டெலிடைப்பில் உட்கார்ந்து நிரல்களை எழுதி, பிழை நீக்கி, முடித்துக் காட்ட வேண்டும். கட்டணம் இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை. நூலகத்தில் அலமாரிக்கு நாமே போய்ப் புத்தகம் எடுப்பதைப் போல என்பார்கள் அந்த இருவரும். விளையாடுகிறவனும் விளையாடலாம். கணினி நேரத்துக்கு மணிக்கணக்கில் பணம் வாங்கிய காலத்தில் இது பெரிய துணிச்சல். மொழியை வடிவமைத்ததைவிட இந்த முடிவைத்தான் நான் மேலாக மதிக்கிறேன்.

அதே மொழி, வேறு அறை

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1975-இல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் கணினிக்கு ஒரு பேசிக் எழுதினார்கள். 1977-இல் வந்த ஆப்பிள் 2, டி.ஆர்.எஸ்.-80, கமடோர் பெட் மூன்றிலும் சுவிட்சைப் போட்டால் பேசிக் நிற்கும். 1984-இல் இந்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோ கணினிகளிலும் பேசிக்தான். இதற்கிடையே 1975-இல் கணினியியல் அறிஞர் டைக்ஸ்ட்ரா, பேசிக்கில் பழகிய மாணவனுக்கு நல்ல நிரலாக்கம் கற்பிக்கவே முடியாது என்ற பொருளில் காட்டமாக எழுதினார். கோ டு பற்றிய அவர் கவலையில் உண்மை உண்டு. ஆனால் அவர் தாளில் இருந்த மொழியைத் திட்டினார். டெலிடைப் முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு நிமிடத்தில் கிடைத்த பதிலை அவர் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

இப்போது என் சாட்சியம். 1996, எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளி, பிளஸ் ஒன். ஜி.டபிள்யூ. பேசிக் என்ற பேசிக் வடிவம். பள்ளியிலேயே ஏ.சி. போட்ட ஒரே அறை கம்ப்யூட்டர் லேப். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோல் போவோம். தூசி பட்டால் கம்ப்யூட்டருக்கு ஆகாதாம். வாரம் ஒரு பீரியட், ஒரு மெஷினுக்கு நான்கு பேர். அதற்கு முன்பே நிரலை ரஃப் நோட்டில் எழுதி, சாரிடம் காட்டி, ரெக்கார்டில் ஏற்றி, கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். கையெழுத்து இல்லாதவன் வேடிக்கை பார்க்கலாம்.

என் முதல் நிரல் மூன்று பாட மதிப்பெண்ணுக்குச் சராசரி. 72, 65, 80. நிரலை ஓட்டும் எஃப்2 கட்டையை அழுத்தினேன். திரையில் 163.6667 என்று வந்தது.

"நூத்துக்கு நூத்தி அறுபத்து மூணா? டேய், நீ ஸ்டேட் ஃபர்ஸ்ட்டுடா" என்றார் சார். லேப் முழுக்கச் சிரிப்பு. அடைப்புக்குறி போடாததால் 80-ஐ மட்டும் 3-ஆல் வகுத்து, மற்ற இரண்டையும் அப்படியே கூட்டியிருக்கிறது. அவர் ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டபோது அவரும் அதைக் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம். எனக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. கை கீபோர்டுக்குப் போகிறது, பெல் அடித்துவிட்டது. அடுத்த வாரம் அந்த பீரியடை இயற்பியல் வாத்தியார் எடுத்துக்கொண்டார். அதற்கடுத்த வாரம் உள்ளே போய், இரண்டு அடைப்புக்குறி போட்டு, 72.33333 பார்த்தேன்.

இரண்டு வாரம். கர்ட்ஸின் பெட்டியைப் பற்றிப் பல ஆண்டு கழித்துப் படித்தபோது எனக்கு அந்த எண்தான் கண்ணில் பட்டது. ரயில் டிக்கெட் மட்டும் நான் எடுக்கவில்லை.

எங்கள் வகுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பேசிக்கை மனப்பாடம் செய்தே தேறினார்கள். ஃபிபோனாச்சி நிரலை வரி எண்ணோடு ஒப்பிக்கத் தெரியும், 40-ஆம் வரியை நீக்கினால் என்னாகும் என்று தெரியாது. நீக்கிப் பார்க்க யாரும் விடவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்வதில் பயனில்லை, மொழியையும்தான். எதைக் கலைத்தாலும் கெட்டுவிடும் என்ற பயத்தோடு உட்கார வைத்தால் எந்த மொழியும் செய்யுள் மனப்பாடம்போல்தான் ஆகும்.

போன மாதம்

அக்கா மகள் பி.காம். முதலாண்டு. பாடத்தில் பைத்தான் என்ற நிரல்மொழியை வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"மாமா, பைத்தான் இன்ஸ்டால் பண்ணிட்டேன். ஆனா பைத்தான்னு அடிச்சா அப்படி ஒண்ணே இல்லங்குது."

நிறுவும்போது முதல் திரையில் கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும், 'பாத்'தில், அதாவது கணினி கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலில், சேர்க்கவா என்று. அதை டிக் செய்யாமல் விட்டிருக்கிறாள். ஊரில் பாதிப் பேர் விடுகிற இடம் அது. மறுபடி நிறுவச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போன்.

"இப்ப வேற தப்பு வருது மாமா. நீங்க வாட்ஸப்ல அனுப்புனத அப்படியே காப்பி பண்ணித்தான் போட்டேன்."

"ஸ்க்ரீனை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு."

அனுப்பினாள். செல்லாத எழுத்து என்று சொல்லி, யூனிகோடு எண்ணோடு ஒரு மேற்கோள் குறியைப் பைத்தான் சுட்டிக் காட்டியிருந்தது. குற்றம் என்னுடையது. நான் போனில் அடித்தபோது நேர்க்குறி வளைந்த குறியாக மாறியிருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பைத்தானுக்கு வேறு வேறு ஜாதி. "அந்த ரெண்டு குறியையும் அழிச்சுட்டு நீயே கீபோர்டுல அடி" என்றேன். 'வணக்கம்' என்று வந்தது. முதல் வரி ஓட ஏறத்தாழ மூன்று மணி நேரம். அதில் பைத்தான் மொழிக்கு ஆன நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. டார்ட்மவுத்தில் 'ஹலோ' அடித்ததும் 'ரெடி' வந்ததே, அந்தப் படிக்கட்டை இன்றைக்கு மாணவர் தானே கட்டி ஏற வேண்டியிருக்கிறது. உலாவியிலேயே ஓட்டும் வசதி உண்டு என்பதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதுவும் என் தப்புதான்.

ஏறியபின் கதை வேறு. மறுநாள் சாயங்காலம் அவளே ஒரு வேலை எடுத்துக்கொண்டாள். புதுமனை புகுவிழாவுக்கு வந்த மொய்யை அக்கா நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அதைக் கூட்ட வேண்டும். நோட்டில் உள்ளபடியே 501 + 1,001 என்று அடித்திருக்கிறாள். எண்ணுக்கு முன்னால் சுழியம் வரக்கூடாது என்று பைத்தான் மறுத்துவிட்டது.

"ஆயிரத்தி ஒண்ணுல என்ன மாமா தப்பு? முன்னாடி சைபரே இல்லையே."

நான் சாலையில் இருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். போய்ச் சேர்வதற்குள் நான்கு செய்திகள் வந்திருந்தன. முதலாவதில் 501 + 1,500 போட்டுப் பார்த்திருக்கிறாள், இந்த முறை பைத்தான் மறுக்காமல் 502 500 என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டாவது, "ரெண்டு நம்பரா வருது???" மூன்றாவதில் 1,2,3 என்று மட்டும் போட்டு 1 2 3 என்று வாங்கியிருக்கிறாள்.

நான்காவது, பதினோரு நிமிடம் கழித்து: "கமாதான் மாமா. நான் ஒரு நம்பர்னு நெனச்சு போடுறேன், அது ரெண்டு நம்பர்னு எடுத்துக்குது. நோட்டுல இருக்கற கமா எல்லாத்தையும் எடுத்துட்டேன். மொத்தம் வந்துருச்சு, அம்மா கூட்டுனதுல இருநூறு ரூபா கொறையுது, அவங்ககிட்ட சொல்லட்டுமா வேணாமா?"